கேரளத்தைப் படத்தில் பார்ப்பது: எல்லைப்புறத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு சின்ன வாயனசாலை, அதாவது நூலகம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வெள்ளைத் துணி கட்டி ஒரு மலையாளப் படம் போடுகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் வீட்டுக்காரர்கள். தென்னந்தோப்பில் வேலை செய்பவர்கள், பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர்கள், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள். நான் இந்த வட்டாரப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். படம் முடிந்து டீ ஊற்றும்போது என்னிடம் வரும் சந்தேகங்கள் மாதா மாதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, பதிலும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

டீச்சர், நாங்க தமிழ் படிச்சவங்க, தமிழ்ப் படம் பாக்கறவங்க. கேரளாவோட சரித்திரம் நமக்கு எதுக்குங்க?

உங்கள் வீட்டு ரேஷன் கார்டு எந்த மொழியில் இருக்கிறது? பஞ்சாயத்து ஓட்டு எங்கே போடுகிறீர்கள்? தாத்தா குத்தகைக்கு உழுத காடு எப்படி உங்கள் அப்பா பெயருக்கு வந்தது என்று வீட்டில் கேட்டிருக்கிறீர்களா? 1970 ஜனவரி 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம்தான் பல வீடுகளில் அதற்குப் பதில். அது கேரள வரலாறு. அப்படியென்றால் நம் வீட்டு வரலாறும் அதுதான்.

சட்டம் எந்த வருஷம் வந்தது என்று பாடப் புத்தகம் சொல்லிவிடும். அது வந்த பிறகு நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜன்மியின் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் எழுந்து நின்றார்கள் என்பதைப் புத்தகம் சொல்லாது. அதைப் படத்தில் பார்க்கலாம். அதனால்தான் துணி கட்டுகிறோம்.

மலையாளம் காதுல விழுந்தாப் புரியும், ஆனா படத்துல வேகமாப் பேசறாங்க. சமாளிக்க முடியுமா?

முடியும். சந்தையில் பேசுகிற மலையாளம் உங்களுக்குத் தெரியும். தெரியாத சொல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தெரிந்தது மாதிரி இருக்கும் சொல்லில்தான் தடுமாறுவோம். நமக்கு ‘வெள்ளம்’ ஆற்றில் வரும், அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரே வெள்ளம். ‘சம்சாரம்’ அங்கே பேச்சு, இங்கே மனைவி. ‘பனி’ அங்கே காய்ச்சல். ‘பட்டி’ என்றால் நமக்கு ஊர், அவர்களுக்கு நாய்.

ஒரு தடவை படத்தில் ஒரு கிழவர் சாகக் கிடக்கும்போது ‘இத்திரி வெள்ளம்’ என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் திரும்பி, “தாத்தா எதுக்கு வெள்ளத்தைக் கூப்பிடறாரு?” என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி, “தண்ணி கேக்கறாரு சாமி, தொண்டை காஞ்சு போச்சு” என்று சொன்னார். இப்படிப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

சரி, எந்தப் படத்துல இருந்து ஆரம்பிக்கிறதுங்க?

1954-ல் வந்த ‘நீலக்குயில்’. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கியது, கதை உறூப் எழுதியது. நீலி என்கிற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணை விரும்பிய நாயர் வாத்தியார், அவள் கர்ப்பமானதும் கைவிடுகிறார். அவள் ரயில் பாதையோரம் செத்துக் கிடக்கிறாள், பக்கத்தில் குழந்தை. ஊர் தள்ளி நின்று பார்க்கிறது. தபால்காரர் ஒருவர்தான் குனிந்து அந்தக் குழந்தையை எடுக்கிறார். தபால்காரராக நடித்தவர் பாஸ்கரனேதான். அதுவரை மலையாளப் பாட்டுகள் பெரும்பாலும் இந்தி, தமிழ் மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு போயின. இந்தப் படத்தில் கே. ராகவன் நாட்டுப்புற மெட்டையும் மலபார் முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டு மெட்டையும் கொண்டுவந்தார்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாக் கேள்விக்கும் அது வேண்டும். ஒரு படம் எந்தக் காலத்துக் கதையைச் சொல்கிறது என்று பார்க்கிறோம் இல்லையா, அதைவிட முக்கியமாக அதை எந்த வருஷம் எடுத்தார்கள் என்று பாருங்கள். ‘நீலக்குயில்’ வந்தபோது கேரளம் என்ற மாநிலமே பிறக்கவில்லை. அது 1956 நவம்பர் 1-ல்தான் வந்தது. வரப்போகிற மாநிலத்தில் யார் யாரோடு சேர்ந்து உட்காருவது என்று ஜனங்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த படம் அது. வாத்தியார் கடைசியில் அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்வதை அந்த வாதத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

முதல் மலையாளப் படம் எடுத்தவரு தமிழருன்னு சொல்றாங்களே, நெசந்தானா?

நிஜம்தான். ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். அது அன்றைக்குத் திருவிதாங்கூர், இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு ‘விகதகுமாரன்’ என்ற பேசாப் படத்தை எடுத்தார். வெளியான வருஷத்துக்கு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு. தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்தார். படத்தின் பிரதி இன்று கிடையாது.

அதில் நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி என்கிற தலித் பெண். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது, அவர் எப்படி நாயர் பெண்ணாக வரலாம் என்று மேல்சாதியினர் கலகம் செய்தார்கள், திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. ஓடி வந்தது தமிழ்நாட்டுக்கு. அதற்கப்புறம் அவர் நடிக்கவில்லை. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி தன் முகத்தை மறைத்துக்கொண்டு எல்லை தாண்டினார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும்.

டேனியலும் பணம் போய், பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975-ல் இறந்தார். கஷ்டகாலத்தில் கேரள அரசின் உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பவர் என்று சொல்லி மறுத்தார்கள். 1956-ல் கோடு மாறியது, அவர் ஊர் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான் விஷயம். 1992-லிருந்து அதே அரசு மலையாள சினிமாவின் மிக உயர்ந்த விருதை அவர் பெயரில் கொடுக்கிறது. 2013-ல் அவர் வாழ்க்கை ‘செல்லுலாய்ட்’ என்ற படமாக வந்தது. அதைப் போட்ட அன்று எங்கள் வாயனசாலையில் உட்கார இடமில்லை.

அப்ப பழைய மலையாளப் படமெல்லாம் தமிழ்நாட்டுலதான் எடுத்தாங்களா?

நிறைய. முதல் பேசும் படம் ‘பாலன்’, 1938. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’, 1961. அதுவும் அவர்தான். 1947-ல் ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோவும், அப்புறம் திருவனந்தபுரத்தில் மெரிலாண்டும் வந்த பிறகும் பல காலம் கோடம்பாக்கத்துக்குப் போகாமல் ஒரு மலையாளப் படம் முடியாது.

ஆட்களும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான். எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது எலப்புள்ளியில், இங்கிருந்து பாலக்காட்டுக்குப் போகிற வழி. பி. லீலா நம் சித்தூர்க்காரர். எம்.ஜி.ஆரின் பூர்வீகம் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்து வடவன்னூர். பொள்ளாச்சிக்கு நடந்து போய் எம்.ஜி.ஆர். படம் பார்த்த பெரியவர்களிடம் இதைச் சொன்னால், “அடக் கண்ணு, அவரு வீட்டு வாசலத் தாண்டித்தான் நான் மாடு ஓட்டிட்டுப் போயிருக்கேன்” என்பார்கள். எம்.எஸ்.வி. 1973-ல் ‘பணிதீராத்த வீடு’ படத்தில் ‘கண்ணுநீர்த்துள்ளியே’ என்று தன் குரலிலேயே பாடியதைக் கேட்டுப் பாருங்கள். அந்த உச்சரிப்பு நம் ஊர் உச்சரிப்பு.

தறவாடு, காரணவர், மருமக்கத்தாயம்னு வருதே, ஒண்ணும் பிடிபடலீங்க.

நாயர் குடும்பங்களிலும் வேறு சில சமூகங்களிலும் சொத்து தாய் வழியில் போனது. அப்பாவுக்கு அடுத்து மகன் என்று கிடையாது, மாமனுக்கு அடுத்து மருமகன். அதனால் மருமக்கத்தாயம். எல்லாரும் சேர்ந்து இருக்கும் பெரிய வீடு தறவாடு, அதை நிர்வாகம் செய்யும் மூத்த ஆண் காரணவர். சொத்து பெண் வழியில், அதிகாரம் ஆண் கையில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் படங்களின் சண்டை விளங்கிவிடும். கூட்டுக் குடும்ப முறையைச் சட்டப்படி ஒழித்தது 1976-ல்தான், அவ்வளவு பழைய விஷயமில்லை.

இதற்கு ஒரே படம் சொல்லச் சொன்னால் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’, 1981. பத்தாயம் தெரியுமில்லையா, நெல் போடும் மரப்பெட்டி. எலிப்பத்தாயம் என்றால் எலிப்பொறி. உண்ணி என்கிற நடுத்தர வயது ஆண், மூன்று சகோதரிகள், சிதைந்து வரும் வீடு. தோட்டத்தில் மாடு நுழைந்தால் அவர் எழுந்து விரட்ட மாட்டார், தங்கை ராஜம்மாவைக் கூப்பிடுவார். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறார், வழியில் சேறும் தண்ணீருமாக ஒரு பள்ளம். நிற்கிறார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். தாண்டாமல் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுகிறார். அந்த ஒரு பள்ளத்தில் ஒரு வர்க்கமே நின்றுவிட்டதை அடூர் காட்டுகிறார்.

நான் மேலே சொன்ன வருஷக் கணக்கை இதிலும் போடுங்கள். நிலச் சீர்திருத்தம் 1970, படம் 1981. குத்தகைக்காரனுக்கு நிலம் போன பிறகு, பழைய உடைமைக்காரன் வீட்டுக்குள் பதினொரு வருஷமாக என்ன நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. நிலம் கிடைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் அந்த வீட்டின் உள்ளறையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எந்தப் படம் போட்டாலும் செங்கொடி வருதே, அவ்வளவு கட்சியா அங்க?

அவ்வளவு கட்சிதான். 1957-ல் கம்யூனிஸ்ட் கட்சி தேர்தலில் ஜெயித்து இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு ஆட்சி அமைத்தார், 1959-ல் மத்திய அரசு அதைக் கலைத்தது. அதற்கு முன்னாலேயே நாடகம் அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. தோப்பில் பாசியின் ‘நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தை 1952-ல் கே.பி.ஏ.சி. என்ற இடதுசாரி நாடகக் குழு மேடை ஏற்றியது. அது சினிமாவானது 1970-ல். மேடையில் அது கூப்பிட்டுச் சேர்த்த குரல். படமாக வந்தபோது கட்சி உடைந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வசனம் ஒன்றேயானாலும் கேட்கிறவர்கள் வேறாகிவிட்டார்கள்.

1984-ல் அடூர் எடுத்த ‘முகாமுகம்’ அந்த உடைப்பைப் பற்றியே பேசுகிறது. 1986-ல் லெனின் ராஜேந்திரன் எடுத்த ‘மீனமாசத்திலே சூரியன்’ 1943-ல் தூக்கிலிடப்பட்ட கய்யூர் விவசாயிகளைப் பற்றியது. 1991-ல் வந்த ‘சந்தேசம்’ ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று அடித்துக்கொள்வதைக் காட்டும். பிள்ளைகளுக்கு முதலில் ‘சந்தேசம்’ போடுங்கள், சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். கய்யூர் படத்தை அப்புறம் போடலாம்.

‘வடக்கன் வீரகாதா’ல வர்ற சந்து நல்லவனா கெட்டவனா? எங்க ஆத்தா சொல்ற கதையில அவன் துரோகி.

உங்கள் ஆத்தா சொல்வதுதான் பழைய பாட்டு. வட மலபாரின் வீரகதைப் பாடல்களான வடக்கன் பாட்டுகளில் சந்து, ஆரோமல் என்ற சேகவரை (களரிப் போர்வீரரை) ஏமாற்றிக் கொன்ற துரோகி. 1961-ல் வந்த ‘உண்ணியார்ச்சா’ படமும் அந்த வழியில்தான் போகும். 1989-ல் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் இயக்கிய ‘ஒரு வடக்கன் வீரகாதா’ அதைத் தலைகீழாக்கி, பாட்டு பாடியவர்கள் சந்துவுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று வாதாடுகிறது. மம்மூட்டிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த வேஷங்களில் அது ஒன்று.

எது உண்மை என்று கேட்டால், இரண்டும் பாட்டுக்கு உரை. பதினாறாம் நூற்றாண்டுச் சேகவரைத் தெரிந்துகொள்ள இவை உதவாது. 1961-ல் வீரம் என்று எதைக் கொண்டாடினார்கள், 1989-ல் ஒதுக்கப்பட்டவன் பக்கம் ஏன் மனசு போனது என்பதைத் தெரிந்துகொள்ள உதவும். ‘செம்மீன்’ படத்துக்கும் இதையே சொல்வேன். 1965-ல் வந்து, தென்னிந்தியப் படங்களில் முதலாவதாக ஜனாதிபதி தங்கப் பதக்கம் பெற்ற படம். மனைவி தவறினால் கடலம்மா கணவனை எடுத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைமேல் நிற்கிற கதை. தகழி எழுதிய நாவலின் அழகு அது. கடற்கரை வீடுகளின் அன்றாட வாழ்க்கைக்கு அதை அத்தாட்சியாக எடுக்காதீர்கள்.

போலீஸ் கொண்டுபோன பையனுக்காக ஒரு அப்பா காத்துக்கிட்டே இருப்பாரே, அது நடந்ததுங்களா?

‘பிறவி’யைக் கேட்கிறீர்கள். ஷாஜி என். கருண் எடுத்தது, 1989-ல் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டு பெற்றது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை. தகப்பனார் ஈச்சரவாரியர் கோர்ட்டுக்குப் போனார், அந்த வழக்கில் 1977-ல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. படம் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. பார்த்த எல்லாருக்கும் ராஜன்தான் நினைவுக்கு வந்தான்.

பிரேம்ஜி என்ற பழைய நாடகக்காரர் அந்த அப்பாவாக நடித்துத் தேசிய விருது வாங்கினார். குடையோடு துறைக்கு வந்து, இருட்டும் வரை நின்று, திரும்பிப் போவார். மறுநாளும் வருவார். எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போய்த் திரும்பாத பிள்ளையை வைத்திருக்கும் ஓர் அம்மா அந்தப் படத்தின் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு, போடுவதற்கு முன்னால் கதை என்ன என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

கல்ஃப் கதை?

‘நாடோடிக்காற்று’ (1987), ‘வரவேல்பு’ (1989), ‘பத்தேமாரி’ (2015), ‘ஆடுஜீவிதம்’ (2024). இந்த வரிசையில் பாருங்கள். முதல் படத்தில் துபாய் ஒரு கனவு. இரண்டாவதில் ஏழு வருஷம் உழைத்தவன் ஊரில் ஒரு பஸ் வாங்கி, அதை ஓட்ட முடியாமல் திரும்பவும் கிளம்புகிறான். மூன்றாவதில் வாழ்க்கை முழுக்க அங்கேயே கரைகிறது. நான்காவது, அங்கே அடிமையாக மாட்டிக்கொண்டவனின் கதை. முப்பத்தேழு வருஷத்தில் அந்தக் கனவு எங்கிருந்து எங்கே வந்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

டிவி வந்தப்புறம் என்ன மாறுச்சு டீச்சர்?

நம் வீட்டுக்குள் நடந்த பெரிய மாற்றம் அதுதான். 1987, 88-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடும். அது இந்தி. தமிழ் வீட்டுக்கும் புரியாது, மலையாள வீட்டுக்கும் புரியாது. எல்லாரும் முகத்தைப் பார்த்துக் கதை புரிந்துகொண்டோம். திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது 1985-ல். எங்கள் வீட்டு ஓட்டின்மேல் அண்ணா ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். ஒரு பக்கம் திருப்பினால் மலையாளம், கொடைக்கானல் பக்கம் திருப்பினால் புள்ளி புள்ளியாகத் தமிழ். கீழே நின்று, “வந்துருச்சு, விடுங்கண்ணா, அப்படியே விடுங்க” என்று கத்துவது என் வேலை.

1993-ல் சன் டிவியும் ஏஷியாநெட்டும் நாலு மாத இடைவெளியில் வந்தன. கேபிள் வந்ததும் சாயங்காலம் இரண்டாகப் பிரிந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, இந்த வீட்டில் தமிழ் சீரியல், அந்த வீட்டில் மலையாள சீரியல். ஒரே கதையைப் பற்றிக் குழாயடியில் பேசும் பழக்கம் போய்விட்டது. சினிமாவைவிட டிவிதான் எல்லையை அழுத்தமாகப் போட்டது என்று நான் நினைக்கிறேன். 2020-ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸ் பாடம் நடத்தியது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் தயாராயின. அப்போதுதான் பல வீடுகளில் கேரளத்துச் சேனல் ஒன்றை முதல்முறையாகத் தேடிப் போட்டார்கள்.

மலையாளப் படத்துல தமிழங்கன்னாலே லாரிக்காரன், கூலிக்காரன், ‘பாண்டி’ன்னு கேலி. பேய் கூடத் தமிழ்ப் பேய். பாக்கவே மனசு வரலீங்க.

கோபம் நியாயமானது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. பேய் விஷயத்தைச் சற்றே கவனியுங்கள். 1993-ல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி, தமிழ் பேசுகிறாள். அதே கதை 2005-ல் தமிழில் ‘சந்திரமுகி’ ஆனபோது, அவள் தெலுங்கு பேசினாள். 2007-ல் இந்தியில் வந்தபோது வங்காளி ஆனாள். ஒவ்வொரு ஊரும் பயத்துக்குப் பக்கத்து மொழியைத்தான் கொடுக்கிறது. தமிழ்ப் படத்தில் டீக்கடை நாயரையும், மலையாளப் பெண்களையும் நாம் எப்படிக் காட்டியிருக்கிறோம் என்பதையும் அதே கண்ணால் பாருங்கள். நாகவல்லியின் பக்கம் நின்று பார்த்தால், காதலனைப் பறிகொடுத்து அந்நிய ஊரில் அடைபட்ட ஒரு தமிழ்ப் பெண்ணின் அழுகைதான் அந்தப் படம். அதில் வரும் பழைய அரண்மனை பல காட்சிகளில் பத்மநாபபுரம். தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் அரண்மனை அது.

அப்புறம், எல்லாப் படமும் கேலி செய்யவில்லை. அரவிந்தனின் ‘சிதம்பரம்’ (1985) மூணாறு மாட்டுப்பட்டிப் பண்ணையில் நடக்கிறது. முனியாண்டி என்ற தொழிலாளி ஊருக்குப் போய்ச் சிவகாமியைக் கல்யாணம் செய்து கூட்டி வருகிறான். மேலே இருக்கும் அதிகாரியின் தவறு அந்தக் குடும்பத்தை அழிக்கிறது. ஸ்மிதா பாட்டில் சிவகாமியாக மலைப் பூக்களைப் பார்த்து நடக்கும் காட்சியில் அவமதிப்பு துளியும் இல்லை. 2022-ல் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் ஒரு மலையாளிக் கூட்டத்தைப் பற்றியது. வழியில் ஒருவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் போய், காணாமல் போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். ‘உறங்குவது போலுஞ் சாக்காடு’ குறள் தொடக்கத்திலேயே வருகிறது, பின்னால் முழுக்கப் பழைய தமிழ்ப் பட வசனமும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காலையில் மலையாளத்திலும் மத்தியானம் தமிழிலும் வாழ்கிற நமக்கு அது மாய மந்திரமாகத் தோன்றாது.

பொம்பளைங்களுக்குப் பாக்க என்ன இருக்கு? எல்லாம் ஆம்பளைங்க சண்டைதானே?

2021-ல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. ஒழுகும் தொட்டிக் குழாய், சாப்பிட்டவர்கள் மேசைமேல் துப்பி வைத்த முருங்கைக்காய்ச் சக்கை, அதை எடுக்கிற கை. படம் முடிந்ததும் பெண்கள் உடனே எழுந்திருக்கவில்லை, ஆண்களுக்கு வாய் எழவில்லை. அன்று டீ டம்ளர்களை ஆண்களே கழுவி வைத்தார்கள், யாரும் சொல்லாமல்.

திரைக்குப் பின்னால் நடப்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நடிகைகளின் புகார்களுக்குப் பிறகு 2017-ல் நீதிபதி ஹேமா தலைமையில் அரசு குழு போட்டது. 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. ரோசியைப் பற்றி மேலே எழுதியதை இதோடு வைத்துப் படியுங்கள்.

நம்ம பாலக்காடு படத்துல வருதா?

அழகுக்காக நிறைய வருகிறது. ஒற்றப்பாலத்துப் பழைய நம்பூதிரி வீடான வரிக்காசேரி மனையும் பாரதப்புழையும் எத்தனை படத்தில் வந்தன என்று எண்ணி முடியாது. பிரச்சினைக்காக வந்தது குறைவு. 2022-ல் வந்த ‘பட’வைப் பாருங்கள். ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுத் தர 1975-ல் போட்ட சட்டத்தை 1996-ல் நீர்த்துப்போகச் செய்ய முயன்றபோது, அய்யங்காளிப் படை என்ற தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த நால்வர் பாலக்காடு கலெக்டரை அவர் அலுவலகத்திலேயே பிணையாகப் பிடித்தார்கள். அக்டோபர் 4. கையில் இருந்த துப்பாக்கி பொம்மை, குண்டும் பொய். அந்தக் கலெக்டர் ஆபீசுக்கு நாம் ஜாதிச் சர்டிபிகேட்டுக்குப் போயிருக்கிறோம்.

அட்டப்பாடிக்கு ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020). அதில் நஞ்சியம்மா பாடிய பாட்டு இருளர் மொழியில், தமிழ்க் காதுக்குப் பாதிக்கு மேல் புரியும். அதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

பி.எஸ்.சி. பரீட்சைக்கு இதெல்லாம் உதவுமா?

அரசு வேலைக்கான அந்தப் பரீட்சையில் முதல் படம், முதல் பேசும் படம், விருதுகள், வருஷங்கள் கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரலாற்றுத் தேதிகளுக்குப் படத்தை நம்பாமல் புத்தகத்தைப் பாருங்கள்.

நம்ம கதைய யாராவது படம் எடுப்பாங்களா டீச்சர்?

சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, சுற்றிலும் பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட பகுதி. 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956-ல் கேரளம். நம் பாட்டிமார் பாலக்காட்டுக்குப் போனாலும் எல்லை, பொள்ளாச்சிக்குப் போனாலும் எல்லை. யாரோ வந்து எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாமே. போன வருஷத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைப் போனில் பிடித்துப் பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்க்கிறார்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் ஒன்றைப் போடுகிறோம்.

முதலில் போட்டது ஒரு பாட்டியின் பேச்சு. மழைக்காலத்தில் புழை கடந்து டென்ட் கொட்டகைக்குப் போனதைச் சொல்கிறார். “வெள்ளம் ஏறி வந்துச்சு, நாங்க அக்கரையில மாட்டிக்கிட்டோம். அங்க ஒரு நாயர் வீட்டம்மா கூப்பிட்டு, குடிக்க வெள்ளம் குடுத்து, திண்ணையில படுக்கச் சொன்னாங்க” என்கிறார். முன்வரிசைப் பையன் இந்தத் தடவை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.